அமெச்சூர் ரேடியோவுக்குத் திறந்த மூல மென்பொருள்: கொழும்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹேண்டி எனப்படும் கைரேடியோவின் சனல்களைக் கணனியில் இருந்தபடியே நிரப்ப உதவும் சிர்ப் என்ற மென்பொருளைப் பற்றியும், அதில் புதிய ரேடியோ மாடல்களைச் சேர்க்கும் வேலையைப் பற்றியும் இந்தப் பக்கம் பேசுகிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கம் அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள், அதற்காகப் படித்துக்கொண்டிருப்பவர்கள், ரேடியோவைத் தொட்டதே இல்லாவிட்டாலும் பைதான் தெரிந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்று மூன்று வகையினரும் கேட்பவை கலந்து கிடக்கின்றன. உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேரே போகலாம்.

சிர்ப் என்ன செய்கிறது?

பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற சின்ன ஹேண்டியில்கூட 128 சனல்கள் உண்டு. சமிக்ஞையை வாங்கி மீண்டும் அனுப்பும் நிலையமான ரிப்பீட்டரின் சனல் ஒன்றுக்குப் பெறும் மீடிறன், அனுப்பும் மீடிறன் எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது, எந்த டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலி), சனல் அகலமா குறுகலா என்று எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். ரேடியோவின் பொத்தான்களை அழுத்தி இதைச் செய்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். யூவி-5ஆரில் சனலுக்குப் பெயர் வைப்பதைப் பொத்தான்களால் செய்யவே முடியாது. சிர்ப் ரேடியோவின் நினைவகத்தை கேபிள் வழியாகக் கணனிக்கு எடுத்து, ஓர் அட்டவணையாகக் காட்டும். திருத்தித் திருப்பி எழுதலாம்.

அமெரிக்க அமெச்சூர் டான் ஸ்மித் 2008 இல் இதைத் தொடங்கினார். அவருடைய அழைப்புக்குறி, அதாவது ரேடியோவில் அவரை அடையாளம் காட்டும் பெயர், கேகே7டிஎஸ். பைதானில் எழுதப்பட்டது, யாரும் நிரலைப் பார்த்துத் திருத்திப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் 3 ஆம் பதிப்பு உரிமத்தில் வெளிவருகிறது, விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. ஐகொம், கென்வூட், யேசு முதல் மலிவான சீனச் செட்டுகள் வரை ஏராளமான மாடல்களோடு பேசும்.

ரேடியோவோடு தயாரிப்பாளரே மென்பொருள் தருகிறாரே, அது போதாதா?

செட் வாங்கிய முதல் வருடத்துக்குப் போதும். பிறகு விண்டோஸ் மாறும், தயாரிப்பாளர் அடுத்த மாடலுக்குப் போய்விடுவார், பழைய நிறுவல் கோப்பைத் தேடி யாரோ ஒருவருடைய சேமிப்புத் தளத்தில் பதிவிறக்க வேண்டி வரும். செட் நன்றாக வேலை செய்யும், அதோடு பேசுகிற மென்பொருள் மட்டும் செத்திருக்கும். வேலை செய்கிற ஒரு கருவியை அப்படிக் கைவிடுவது எனக்குப் பொறுக்க முடியாத விடயம்.

இன்னொரு காரணம், நம்மில் யாரிடமும் ஒரே வகைச் செட் இல்லை. ஒருவர் பழைய யேசு, ஒருவர் ஐகொம் மொபைல், மூவர் பாவ்ஃபெங். தயாரிப்பாளரின் மென்பொருள் தன் செட்டை மட்டுமே அறியும். சிர்ப்பில் ஒரு செட்டின் சனல்களை வரிசையாகத் தெரிவுசெய்து இன்னொரு செட்டின் அட்டவணையில் ஒட்டலாம். அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் ஒரு சிஎஸ்வி கோப்பு இருந்தால் குழு முழுவதும் ஒரே சனல் ஒழுங்கோடு நிற்கும்: மூன்றாம் சனல் என்று சொன்னால் எல்லார் கையிலும் அதே மூன்றாம் சனல்.

பேரிடரில்தான் இதன் பெறுமதி தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தெற்கில் தொலைபேசி இணைப்புகள் அறுந்து கிடந்தபோது, ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில் செய்தி கொண்டுபோனவர்களில் இலங்கை அமெச்சூர்களும் இருந்தார்கள். அதே நாட்களில் கொழும்பில் இருந்த மென்பொருள் வல்லுநர்கள் சஹானா என்ற திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். அது பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. ரேடியோவும் திறந்த மூலமும் இந்த ஊருக்குப் புதியவை அல்ல. 2016 மே மாதம் களனி ஆறு பெருகிக் கொலன்னாவைப் பக்கம் மூழ்கியதை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு நாளில் இணையம் இல்லாமலே, மடிகணனியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பால் பத்துச் செட்டை வரிசையாக நிரப்ப முடிய வேண்டும். உரிமத் திறப்புக் கேட்டு இணையத்துக்குப் போகிற மென்பொருள் அங்கே உதவாது.

அமெச்சூர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இந்த வேலையில் சேரலாமா?

நிரல் எழுத எந்த அனுமதியும் வேண்டாம். ரேடியோவை வைத்து ஒலிபரப்பத்தான் வேண்டும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டமும், அதைத் திருத்தி 1996 இல் வந்த 27 ஆம் இலக்கச் சட்டமும் இதற்கு அடிப்படை. எல்விட்டிகல மாவத்தையில் இருக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதைக் கவனிக்கிறது. பரீட்சை எழுதி, அனுமதி பெற்று, 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு ஒலிபரப்புவதுதான் முறை. செட்டை வெளிநாட்டில் இருந்து வரவழைக்கவும் ஆணைக்குழுவின் ஒப்புதல் தேவை. இணையத்தில் மலிவாகக் கண்டதும் கட்டளை கொடுத்துவிட்டுச் சுங்கத்தில் நிற்காதீர்கள். முதலில் விசாரியுங்கள், அல்லது ஆணைக்குழுவின் விற்பனையாளர் அனுமதி உள்ள கடையில் வாங்குங்கள்.

செட்டே இல்லாதவருக்கும் வேலை உண்டு. சிர்ப்பின் மூல நிரலோடு பல மாடல்களின் நினைவகப் பிரதிகள் சோதனைக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வைத்தே ஒரு டிரைவரின், அதாவது குறித்த ஒரு மாடலோடு சிர்ப் பேச உதவும் நிரலின், பெரும்பகுதியைச் சோதிக்கலாம்.

எந்த கேபிள் வாங்குவது?

பெரும்பாலான சீன ஹேண்டிகளுக்குக் கென்வூட் வகை இரட்டைச் செருகி போதும். கேபிளின் யூஎஸ்பி முனைக்குள் ஒரு சிப் இருக்கிறது. உங்கள் நிம்மதியை அதுதான் தீர்மானிக்கும். எஃப்டிடிஐ சிப் உள்ளது விலை கூடியது, ஆனால் தொல்லை இல்லாதது. சிஎச்340 மலிவு, பரவாயில்லை. ப்ரொலிஃபிக் பிஎல்2303 என்று விற்கப்படுபவற்றில் போலிகள் நிறைய. புதிய விண்டோஸ் டிரைவர்கள் பழைய சிப்புகளையும் போலிகளையும் ஏற்க மறுக்கும். சாதன மேலாளரில் மஞ்சள் முக்கோணம் வரும். பலர் பழைய டிரைவரைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். அதே கேபிளை லினக்ஸில் செருகினால் பெரும்பாலும் பேசாமல் வேலை செய்யும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டிக் கணனிக் கடைகளிலும் யூஎஸ்பி சீரியல் பலகைகள் தனியாகக் கிடைக்கும். ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவர் அப்படி ஒன்றை வாங்கித் தாமே கேபிள் செய்யலாம். ஒரு கவனம்: கணனியின் பழைய ஆர்எஸ்232 போர்ட்டின் மின்னழுத்தத்தை நேரே ரேடியோவுக்குக் கொடுக்காதீர்கள். ரேடியோ எதிர்பார்ப்பது அதைவிடக் குறைந்த டிடிஎல் அளவு.

போர்ட் தெரிகிறது, ஆனால் "ரேடியோ பதில் சொல்லவில்லை" என்கிறதே?

பத்தில் எட்டுத் தடவை காரணம் செருகிதான். யூவி-5ஆரின் உடலில் உள்ள பிளாஸ்டிக் விளிம்பு செருகியை முழுதாக உள்ளே போக விடாது. கொஞ்சம் பலமாக அழுத்துங்கள், "டக்" என்று உட்கார வேண்டும். பிறகு செட்டை அணைத்துப் போட்டு, யாரும் பேசாத ஒரு மீடிறனில் வைத்துவிட்டு முயலுங்கள்.

லினக்ஸில் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். உங்கள் பயனர் கணக்கு, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதிக்கும் டயல்அவுட் குழுவில் இருக்கிறதா? சேர்த்தபின் வெளியேறி மீண்டும் உள்நுழைந்தீர்களா? உபுண்டு 22.04 இல் சிஎச்340 கேபிள் செருகியதும் மறைந்து போனால், பிரெயில் திரைகளுக்கான பிஆர்எல்டிடிவை என்ற சேவை அதைத் தன்னுடையது என்று எண்ணிப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரெயில் கருவி பயன்படுத்தாதவர் அந்தச் சேவையை நீக்கினால் போர்ட் திரும்ப வரும்.

ரேடியோவின் நினைவகத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் இது புரிந்தால் மீதி எல்லாம் தானாக அவிழும்.

உள்ளே இருப்பது சில ஆயிரம் பைட் மட்டுமே. யூவி-5ஆரில் ஒவ்வொரு சனலுக்கும் 16 பைட், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் நான்கு பைட் பெறும் மீடிறன், அடுத்த நான்கு அனுப்பும் மீடிறன், பிறகு இரண்டு பைட் பெறும் டோன், இரண்டு பைட் அனுப்பும் டோன், கடைசி நான்கு பைட்டில் வலு, அகலம், ஸ்கேன் செய்யவா வேண்டாமா போன்ற சின்னச் சின்ன பிட்கள். சனலின் பெயர்கள் வேறோர் இடத்தில் தனி வரிசையாக இருக்கும்.

145.375 மெகாஹேர்ட்ஸ் எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். 10 ஹேர்ட்ஸ் ஓர் அலகு என்று எடுத்தால் அது 14537500. இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்தால் 14, 53, 75, 00. இதைப் பின்னிருந்து முன்னாக வைக்கிறார்கள்: 00 75 53 14. நினைவகத்தைப் பதினறும முறையில் காட்டும் எந்த நிரலிலும் இந்த நான்கு பைட்டையும் கண்ணாலேயே வாசிக்கலாம். 88.5 ஹேர்ட்ஸ் டோன் என்றால் 885. அது சாதாரண இரும எண்ணாக, சிறிய பைட் முதலில் வரும்படி, பதினறும முறையில் 75 03 என்று இருக்கும். ஒரே செட்டுக்குள், அடுத்தடுத்த பைட்களில், இரண்டு வேறு முறைகள்! ஏன் என்று கேட்டால் அதை எழுதிய பொறியியலாளருக்குத்தான் தெரியும். ஒரு பைட்டும் எழுதப்படாத வெற்றுச் சனலில் எல்லாப் பிட்டும் ஒன்றாக நிற்கும்.

குவான்ஷெங் யூவி-கே5 என்ற ஹேண்டியிலும் சனலுக்கு 16 பைட்தான், அலகும் 10 ஹேர்ட்ஸ்தான். ஆனால் மீடிறன் 32 பிட் இரும எண். அதே 145.375 அங்கே பதின்ம முறையில் 28, 211, 221, 0 என்ற நான்கு பைட் ஆகிவிடும். கண்ணால் பார்த்து வாசிக்க முடியாது, கணக்குப் போட வேண்டும்.

சிர்ப்பின் அழகு இங்கேதான். இந்த அமைப்பை விவரிக்க அதற்குள் சீ மொழியின் ஸ்ட்ரக்ட் போன்ற ஒரு சின்ன விவரிப்பு மொழி இருக்கிறது. "எட்டாவது பைட்டுக்குப் போ, அங்கிருந்து 128 சனல், ஒவ்வொன்றிலும் முதலில் நான்கு பைட் பெறும் மீடிறன்" என்று எழுதினால் போதும். பைட்டைப் பிரிப்பதும் திருப்புவதும் அதன் வேலை. ஒரு டிரைவரின் இதயம் அந்த விவரிப்புத்தான். நல்ல டிரைவரைத் திறந்து வாசித்தால், நிரலைவிட அந்த ரேடியோவின் வரைபடத்தைத்தான் அதிகம் காண்பீர்கள்.

என்னிடம் இருக்கும் மாடல் பட்டியலில் இல்லை. டிரைவர் எழுத எங்கே தொடங்குவது?

நிரலில் தொடங்காதீர்கள். முதலில் உங்கள் செட் உண்மையில் புதியதா என்று பாருங்கள். சீனச் செட்டுகளில் பெயர் பல, உள்ளே இருப்பது ஒன்று. வேறு பெயரில் ஏற்கெனவே இருக்கும் டிரைவரோடு உங்கள் செட் பேசக்கூடும். அப்படியானால் அந்த டிரைவருக்குப் பிள்ளையாகப் பத்துப் பதினைந்து வரி எழுதினால் வேலை முடிந்தது. மறுபக்கமும் உண்டு: யூவி-5ஆர் மினி என்ற செட் பெயரில் மட்டும்தான் பழைய யூவி-5ஆருக்கு உறவு, நினைவகம் வேறு. பழைய யூவி-5ஆரில் 3 ஆம் பொத்தானை அழுத்தியபடி செட்டைப் போட்டால், அதை உள்ளிருந்து இயக்கும் ஃபர்ம்வெயர் நிரலின் பதிப்பு தெரியும். அதை எழுதி வையுங்கள், யார் உதவிக்கு வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்து, தயாரிப்பாளரின் மென்பொருள் செட்டோடு என்ன பேசுகிறது என்று ஒட்டுக்கேட்க வேண்டும். வயர்ஷார்க் கருவியால் யூஎஸ்பி போக்குவரத்தைப் பதிவு செய்யலாம். விண்டோஸை லினக்ஸுக்குள் மெய்நிகர் இயந்திரமாக ஓட்டி, வெளியே இருந்து பதிவு செய்வது எனக்குப் பிடித்த முறை. உள்ளே இருக்கும் விண்டோஸில் எதையும் நிறுவத் தேவையில்லை. நினைவகத்தை வாசிக்கும் ஓட்டத்தை முதலில் பதியுங்கள், எழுதும் ஓட்டத்தைப் பிறகு.

பதிவில் ஓர் ஒழுங்கு தெரியும். யூவி-5ஆரில் கணனி முதலில் ஏழு பைட் கடவுச்சொல் போல அனுப்பும். செட் 06 என்று ஒரு பைட்டில் தலையசைக்கும். கணனி 02 அனுப்ப, செட் தன் அடையாளத்தைச் சொல்லும். பிறகு "எஸ்" என்ற எழுத்து, இரண்டு பைட் முகவரி, எத்தனை பைட் வேண்டும் என்ற எண்; செட் "எக்ஸ்" என்று தொடங்கி அந்தப் பைட்களைத் தரும். வாசிக்கும்போது 64 பைட் துண்டுகள், எழுதும்போது 16 பைட் துண்டுகள், விநாடிக்கு 9600 பிட் வேகம். யூவி-கே5 38400 வேகத்தில் பேசும்; பொட்டலங்களை ஒரு நிலையான பைட் வரிசையால் மறைத்து, சரிபார்ப்பு எண்ணும் சேர்த்து அனுப்பும். முதல் பார்வைக்குக் குப்பை போலத் தெரியும். ஒரே கட்டளையைப் பல தடவை பதிந்து ஒப்பிட்டால் மாறாத வரிசை வெளிப்பட்டுவிடும்.

பேசும் முறை பிடிபட்டதும் முழு நினைவகத்தையும் ஒரு கோப்பாக எடுங்கள். அதன்பின் வேலை பொறுமை சார்ந்தது. தயாரிப்பாளரின் மென்பொருளில் ஒரே ஒரு விடயத்தை மாற்றுங்கள். முதலாம் சனலின் வலுவை உயர்விலிருந்து குறைவுக்கு, அவ்வளவுதான். செட்டுக்கு எழுதி, மீண்டும் வாசித்து, முந்தைய கோப்போடு ஒப்பிடுங்கள். எந்தப் பைட்டில் எந்தப் பிட் மாறியதோ அதுதான் வலு. அடுத்து அகலம். அடுத்து டோன். இரண்டை ஒரே தடவை மாற்றினால் எது எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். திகதி, செய்த மாற்றம், கோப்பின் பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே போங்கள். பிட்களின் இடம் எல்லாம் கொப்பியில் வந்தபிறகு நிரல் எழுதுவது சில மாலைகளின் வேலை.

எழுதும்போது வெறுமையில் இருந்து தொடங்க வேண்டாம். சிர்ப்பின் டிரைவர் அடைவில் டெம்ப்ளேட் என்ற மாதிரிக் கோப்பு ஒன்று இருக்கிறது. செட்டில் இருந்து எடுப்பது, செட்டுக்குத் திருப்பி எழுதுவது, செட்டின் இயல்புகளைச் சொல்வது, ஒரு சனலை வாசிப்பது, ஒரு சனலை எழுதுவது ஆகிய ஐந்து செயல்களையும் நிரப்பினால் அட்டவணை திரையில் எழும். ஹெல்ப் மெனுவில் டெவலப்பர் மோடைப் போட்டுவிட்டால், உங்கள் டிரைவர் கோப்பை மட்டும் தனியாக ஏற்றிப் பார்க்கலாம், நினைவகத்தைப் பைட் பைட்டாக உலாவலாம்.

சில செட்டுகள் முழுநினைவகத்தைத் தராது. ஒவ்வொரு சனலாகக் கேட்டால்தான் சொல்லும். பல கென்வூட் மாடல்கள் அப்படி. அவற்றுக்கு வேறு வகை டிரைவர். மாதிரிக்கு அந்த வகையில் ஏற்கெனவே உள்ள ஒன்றை வாசியுங்கள்.

தயாரிப்பாளரின் மென்பொருளைப் பிரித்து அதன் நிரலைப் பார்த்து எழுதினால் சுலபம் அல்லவா?

வேண்டாம். அவர்களுடைய நிரலை வரிக்கு வரி பார்த்து எழுதியது திறந்த மூலத் திட்டத்துக்குள் வந்தால் திட்டம் முழுவதன் மேலும் கேள்வி எழும். கேபிளில் ஓடும் பைட்களை நீங்களே பார்த்து, நீங்களே புரிந்துகொண்டு எழுதியது உங்களுடையது. டிரைவர் எழுத அதுவே போதும்.

பைதான் எவ்வளவு தெரிய வேண்டும்?

வகுப்பு, மரபுரிமை, பைட்டுக்கும் எழுத்துச் சரத்துக்கும் உள்ள வேறுபாடு. கடைசியில் சொன்னதில் கவனம் தேவை. சிர்ப் முதலில் பைதான் 2 இல் இருந்தது. அங்கே இரண்டும் ஒன்றாகவே நடமாடின. பைதான் 2 இன் ஆதரவு 2020 தொடக்கத்தோடு முடிந்தது. சிர்ப்பைப் பைதான் 3 க்குக் கொண்டுவந்தபோது ஜிடிகே இடைமுகம் போய் டபிள்யூஎக்ஸ் பைதான் வந்தது, டிரைவர்களையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டி இருந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் சில இன்னும் பைதான் 2 காலத்தவை. அவற்றில் உள்ளதை அப்படியே ஒட்டினால் வேலை செய்யாது.

எழுதியதை எப்படி அனுப்புவது?

கிட்ஹப்பில் உங்கள் கிளையைத் திறந்து புல் ரிக்வெஸ்ட் (உங்கள் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) அனுப்புங்கள். ஏற்பவர்கள் பார்ப்பவை நியாயமானவை. ஒரு கமிட்டில், அதாவது பதிவாகும் ஒரு மாற்றத்தில், ஒரு நோக்கம் மட்டும் இருக்க வேண்டும். கிளைகளை இணைக்கும் மெர்ஜ் கமிட் இல்லாமல், உங்கள் மாற்றங்களை முதன்மைக் கிளையின் நுனியில் வைத்து ஒழுங்காக்கி (ரீபேஸ்) அனுப்ப வேண்டும். பைதானின் எழுத்து நடை விதிகளைப் பின்பற்ற வேண்டும். உங்கள் கோப்பின் உரிமம் ஜிபிஎல் 3 உடன் பொருந்த வேண்டும். புதிய டிரைவர் என்றால் ஒரு நினைவகப் பிரதியையும் சேர்க்க வேண்டும்.

அந்தப் பிரதியை வைத்துச் சோதனைகள் உங்கள் டிரைவரை உலுப்பி எடுக்கும். நீங்கள் ஆதரிப்பதாகச் சொன்ன ஒவ்வொரு டோனையும் ஒவ்வொரு முறையையும் எழுதி, திருப்பி வாசித்து, மாறாமல் வருகிறதா என்று பார்க்கும். செட் பதில் சொல்லாவிட்டால் அல்லது குப்பையைத் திருப்பி அனுப்பினால் உங்கள் நிரல் ஒழுங்காகப் பிழை சொல்கிறதா என்றும் பார்க்கும். டொக்ஸ் கருவியால் இதை வீட்டிலேயே ஓட்டிவிட்டு அனுப்புங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டால் அடுத்த வெளியீட்டில் உங்கள் வேலை வந்துவிடும். வெளியீடுகளுக்குத் திகதிதான் பெயர்.

பிரதியை அனுப்ப முன் ஒரு விடயம்: உங்கள் செட் தொடங்கும்போது காட்டும் வரியில் பெயரோ தொலைபேசி எண்ணோ போட்டிருந்தால் அதுவும் கோப்பில் இருக்கும். அழித்துவிட்டு எடுங்கள்.

எனக்கு நிரல் எழுதவே தெரியாது. செட் மட்டும் இருக்கிறது. என்னால் என்ன பயன்?

இந்தக் கேள்வியைத் தயக்கத்தோடு கேட்கிறார்கள். தயங்க வேண்டாம். நிரல் எழுதுபவர் கனடாவிலோ ஜெர்மனியிலோ இருப்பார், உங்கள் மாடலை அவர் கையில் எடுத்தே இருக்க மாட்டார். ஒழுங்கான ஒரு முறைப்பாடு அவருக்குப் பெரிய கொடை. எந்த மாடல், எந்த ஃபர்ம்வெயர், எந்தத் திகதி வெளியீடு, என்ன செய்தபோது என்ன வந்தது, ஹெல்ப் மெனுவில் இருந்து எடுத்த டிபக் பதிவு, செட்டில் இருந்து எடுத்த கோப்பு: இவ்வளவும் சேர்த்துக் கொடுத்தால் பல பிழைகள் அன்றே தீரும். "வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியால் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது.

அதைவிடக் கூடுதலாக வேண்டியது சோதிப்பவர். திருத்தியவர் ஒரு கோப்பை அனுப்பி "இதை ஏற்றிப் பாருங்கள்" என்பார். அன்றைக்கே செட்டைச் செருகிப் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிற ஒருவர் இருந்தால் ஒரு டிரைவர் சில நாட்களில் நிமிரும். அப்படி ஒருவர் இல்லாமல் பாதியில் கிடக்கும் டிரைவர்கள் இருக்கின்றன. மொரட்டுவையில் படிக்கும் ஒரு பிள்ளை நிரல் எழுத, வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஓர் ஐயா தன் செட்டோடு சோதிக்க, இருவரும் தொலைபேசியில் கதைத்தே ஒரு மாடலை முடித்துவிடலாம். இருவரில் யார் இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடும்.

தவறாக எழுதினால் செட் செத்துவிடுமா?

சாதாரணமாக இல்லை. சிர்ப் மாற்றுவது சனல்களும் அமைப்புகளும் இருக்கும் பகுதியை. செட்டை இயக்கும் ஃபர்ம்வெயரைத் தொடுவதில்லை. ஆனால் அந்தப் பகுதியிலேயே சில செட்டுகளில் தொழிற்சாலையில் அளந்து வைத்த வலு, ஸ்குவெல்ச் (சமிக்ஞை இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் எல்லை) அளவுகளும் இருக்கும். அவை வேறு செட்டின் எண்களால் மூடப்பட்டால் திருப்பி எடுப்பது கடினம். அதனால் புதிய செட்டைக் கையில் எடுத்ததும், எதையும் மாற்ற முன், முதல் பிரதியை எடுத்துச் செட்டின் தொடர் எண்ணைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். ஒரு செட்டில் எடுத்த கோப்பை அப்படியே இன்னொரு செட்டுக்கு ஏற்றாதீர்கள். இரண்டாவது செட்டை வாசித்து, சனல்களை மட்டும் அதற்குள் ஒட்டி எழுதுங்கள்.

யூவி-கே5 க்கு 2023 முதல் திறந்த மூல ஃபர்ம்வெயர்கள் வந்திருக்கின்றன. அவற்றைப் போட்டவர்களுக்கு அமைப்புகளின் இடம் மாறியிருக்கும். அந்த ஃபர்ம்வெயரோடு வரும் டிரைவர் கோப்பைத்தான் ஏற்ற வேண்டும்.

அனுப்பும் மீடிறன் எல்லையை விரித்துத் தரச் சொல்கிறார்களே?

பல செட்டுகளில் மென்பொருளால் முடியும். முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டாம். பொலிஸ், அம்பியூலன்ஸ், துறைமுகம், தனியார் நிறுவனங்கள் எல்லாம் இந்த அலைகளுக்கு அருகிலேயே பேசுகின்றன. உங்கள் அனுமதிப்பத்திரத்தில் உள்ள பட்டைகளுக்கு வெளியே ஒரு விநாடி அழுத்துவதும் குற்றம். யாரோ ஒருவரின் அவசர அழைப்பை மூடிவிடவும் கூடும். மற்றவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கும் கோப்பில், கேட்க மட்டுமான சனல்களுக்கு அட்டவணையின் டூப்ளெக்ஸ் கட்டத்தில் "ஓஃப்" என்று வைத்து அனுப்புவதை அடைத்துவிடுங்கள். சிர்ப் இதைப் பல மாடல்களில் ஆதரிக்கிறது. டிரைவர் எழுதுபவரும் இந்த வசதியை முதல் நாளிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிஎம்ஆர் செட்டுக்கு?

சிர்ப் பெரும்பாலும் அனலொக் செட்டுகளுக்கானது. டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையில் தொடர்பு எண்கள், குழுக்கள், நேரத்துண்டு, நிறக்குறி என்று ஒன்றையொன்று சுட்டும் பட்டியல்கள் உண்டு. தட்டையான அட்டவணைக்குள் அவை அடங்காது. அதற்குக் கியூடிஎம்ஆர் என்ற திறந்த மூல மென்பொருளைப் பாருங்கள். அது சீ பிளஸ் பிளஸ் மொழியில், கியூட்டி இடைமுகத்தோடு எழுதப்பட்டது. சில எனிடோன், டைட்டி, ரேடியோடிட்டி மாடல்களோடு பேசும். அமைப்பை யாமல் கோப்பாக வைப்பதால் சாதாரணத் தொகுப்பியில் திருத்தலாம். செட்டைக் கணனியில் இருந்து இயக்குவது, மீடிறன் மாற்றுவது போன்றவை வேறு வேலை, அதற்கு ஹாம்லிப் என்ற நிரல் நூலகம்.

சிர்ப்பைத் தமிழில் பார்க்கலாமா? சனலுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில்: இந்த மலிவுச் செட்டுகளில் முடியாது. எழுத்துருக்கள் ஃபர்ம்வெயருக்குள் இருக்கின்றன, பெயருக்கான இடமும் சின்னது: யூவி-5ஆரில் 7 எழுத்து, யூவி-கே5 இல் 10. ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதுங்கள். குழுவாக இருந்தால் சுருக்கங்களை முன்கூட்டியே பேசி ஒன்றாக்குங்கள்.

முதலாவது முடியும். சிர்ப்பின் மெனு, பிழைச் செய்தி எல்லாம் கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிக்கொரு பிஓ கோப்பில் இருக்கின்றன. போஎடிட் போன்ற கருவியில் திறந்து ஒவ்வொரு வரிக்கும் தமிழ் கொடுத்து, மற்ற மாற்றங்களைப் போலவே கிட்ஹப்பில் அனுப்பலாம். மெனுவை விடப் பிழைச் செய்திகளில் தொடங்குவது நல்லது. செட் பதில் சொல்லாமல் நிற்கும்போது என்ன செய்வது என்பதைத்தான் புதிதாக வருபவர் தன் மொழியில் வாசிக்க வேண்டும். சனல், டோன், ரிப்பீட்டர், ஸ்கேன் போன்றவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் விடுங்கள். ரேடியோவில் நாங்கள் பேசுவதும் அப்படித்தான். மொழிபெயர்த்ததை அனுப்ப முன், அனுமதிப்பத்திரம் எடுக்கப் படிக்கும் ஒருவரிடம் கொடுத்து, அந்தத் திரையை மட்டும் பார்த்து ஒரு செட்டை நிரப்பச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரிகளைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.